நாற்பதுக்கு மேலே போகக்கூடாது

எனக்குப் பத்து வயதான கோடையில், மூன்று நாள் லீவு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் என்னிடம் வேலை வாங்கினார்கள். சட்டி பானை கழுவுகிற வேலை என்றால்கூடப் பரவாயில்லை, கழுவி முடிந்ததும் எழும்பிப் போகலாம். எனக்குக் கிடைத்தது, அப்பா சொல்வதை மாமாவிடம் போய்ச் சொல்வதும் மாமா சொல்வதை அப்பாவிடம் வந்து சொல்வதும். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரம் நாலு அடி. நடுவில் ஒரு யன்னல், அதுவும் விரியத் திறந்தபடி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. கனடாவுக்கு வந்த புதிதில் நாலு வருசம் எங்களோடுதான் இருந்தார், மொன்றியலில் அஹுன்ட்சிக் பக்கம் மூன்றாம் மாடியில், இரண்டே இரண்டு அறை இருந்த வீட்டில். அவருக்கு முதல் குளிர்க்கோட் வாங்கிக் கொடுத்தது அப்பா. மெட்ரோவில் எங்கே ஏறி எங்கே மாற வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும் அப்பா. அத்தான் தனக்குத் தகப்பன் மாதிரி என்று மாமா கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய், ஹீற்றர் எல்லாம் பார்க்கிற வேலை கிடைத்து அங்கேயே வீடெடுத்துப் போனார். கலியாணமும் பொருந்தி வந்தது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. குறை வந்தது கலியாணக் கார்டில்.

எங்கள் ஆட்களுக்குக் கலியாணக் கார்ட் என்பது கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற சாமான். வீடு வீடாகப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கையாலும் நீட்டி, கட்டாயம் வரவேணும் என்று சொல்ல வேண்டும். மாமா மொன்றியலில் தெரிந்த அத்தனை வீட்டுக்கும் அப்படித்தான் போனார். எங்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார். வீட்டு ஆட்களுக்கு என்ன கார்ட், ஒரு ஞாபகத்துக்குக் கிடக்கட்டும் என்று அனுப்பினதாம். அப்பா அதைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே வந்து மேசையில் போட்டார்.

"தபாலிலை வாறதுக்கு உதென்ன கரண்ட் பில்லோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

ஆனாலும் கலியாணத்துக்குப் போனார். போய், கடைசி வரிசையில் இருந்து, கை நனைக்காமல் எழும்பி வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. நின்று இரண்டு வருசம்.

பேச்சு நின்றது என்றால் ஒருவர் முகத்தில் மற்றவர் முழிப்பதில்லை என்று நினைக்கவேண்டாம். மாமா அக்காவைப் பார்க்க மாதம் ஒரு தரம் வருவார். அப்பா அதே சோபாவில்தான் இருப்பார். ஏதும் கேட்க வேண்டும் என்றால் அம்மாவைப் பார்த்துக் கேட்பார்கள். அம்மா சமைக்கக் குசினிக்குள் போய்விட்டால் என்னைப் பார்த்து. நானும் இல்லாவிட்டால் ரீவியைப் பார்த்து. இந்த வித்தையில் எங்கள் ஆட்களை அடிக்க உலகத்தில் ஆளில்லை.

அந்த வருசம் மாமி நாட்டின் மேற்குப் பக்கம் கல்கரியில் வேலை கிடைத்து முன்னுக்குப் போய்விட்டார். ஓகஸ்ட் முடிய மாமாவும் போவதாக முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு நித்திரை போயிற்று. எனக்குத் தலை இழுத்துக்கொண்டு இருக்கும்போது, சொல்ல வேறு ஆளில்லாமல் என்னிடம்தான் சொல்வார். போகிறதுக்கு முதல் இந்த மனுசன் வாய் திறந்து அவனோடு ஒரு சொல்லுக் கதைக்க வேண்டும். இப்படியே விட்டால் ஒன்று அந்தக் கரை, ஒன்று இந்தக் கரை, பிறகு செத்த வீட்டுக்குத்தான் சந்திப்பார்கள். இவர்களுடைய குணம் எனக்குத் தெரியும். இதைச் சொல்லச் சொல்லச் சீப்பு வேகமாக இறங்கும். என் மண்டை நோகும். அதனால் அந்த இரண்டு பேரும் கதைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அம்மாவின் மூளை கெட்டிக்கார மூளை. அப்பா வேலை செய்த புவாண்ட்-கிளேர் சாமான் களஞ்சியத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதர், தன்னுடைய பழைய ரூலோட்டை வேண்டுமென்றால் கொண்டுபோங்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தார். ரூலோட் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு, உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்ப் பைப் எல்லாம் இருக்கும். எங்கள் கார் அதை இழுக்காது. மாமாவின் பிக்கப் இழுக்கும். பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று அம்மா இரண்டு பக்கமும் சொன்னார். நான் ஆசைப்பட்டது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். முன்னுக்கு ரூலோட்டை இழுத்துக்கொண்டு பிக்கப்பில் மாமாவும் அம்மாவும். பின்னுக்குக் காரில் அப்பாவும் நானும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அவ்வளவு நேரமும் அப்பா முன்னால் போகிற வாகனத்துக்கு நொட்டை சொல்லிக்கொண்டு வந்தார். உவர் கண்ணாடி பார்க்கிறாரோ, உந்த வளைவில் இப்படியோ திருப்புறது, உவருக்கு ஆர் லைசென்ஸ் குடுத்தது. எல்லாவற்றுக்கும் நான் ஓம் ஓம் என்று தலையாட்ட வேண்டும். காம்பிங்குக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு அலுத்துவிட்டது.

ஏரிக்கரையில் நல்ல இடம். எங்களுக்கு ஒதுக்கின துண்டு நிலத்தில் ஒரு கம்பத்தில் தண்ணீர்ப் பைப் இருந்தது. அதிலிருந்து ஒரு ஹோஸை ரூலோட்டில் கொளுவினால் உள்ளே எல்லாப் பைப்பிலும் தண்ணீர் வரும். கேட்க லேசாக இருக்கிறது இல்லையா. ஆனால் காம்பிங் தண்ணீர் சரியான பிரஷரில் வரும், ரூலோட்டின் உள்ளே இருப்பதோ மெல்லிய பிளாஸ்ரிக் குழாய். நேரே கொளுவினால் வெடிக்கும். அதற்காக அந்த வெள்ளைக்கார மனிதர் ஒரு குட்டிப் பித்தளைச் சாமான் கொடுத்திருந்தார், ரெகுலேற்றர். அதைப் பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் பொருத்த வேண்டும். அதில் ஒரு சின்ன மீற்றரும் இருந்தது. முள்ளு நாற்பதுக்கு மேலே போகக்கூடாது என்று ஒரு துண்டில் எழுதியும் தந்திருந்தார். அப்பா துண்டில் எழுதினதை வைத்து வேலை செய்கிற மனுசன். பதினைந்து வருசமாகக் களஞ்சியத்தில் அதுதான் அவருடைய வேலை. அவருக்கு அந்தத் துண்டு தேவாரம் மாதிரி ஆகிவிட்டது.

"தண்ணி விடப்போறன். உள்ளை ஒராள் நிண்டு பாக்கவேணும்" என்று அப்பா மரத்துக்குச் சொன்னார்.

மரம் அசையவில்லை. மாமா போய் உள்ளே சிங்குக்கு முன்னால் நின்றார். சிங்குக்கு மேலே யன்னல். யன்னலுக்கு வெளியே கம்பம், கம்பத்தடியில் அப்பா. நான் பாவி, புல்லில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"பிள்ளை, உள்ளை நிக்கிற ஆளைக் கேள், தண்ணி எப்பிடி வருது எண்டு."

நான் சுற்றிக்கொண்டு ஓடி, படியேறி உள்ளே போய், மாமா தண்ணி எப்படி வருது என்று கேட்டேன்.

"கொப்பரிட்டைச் சொல்லு, பூனை மூத்திரம் மாதிரி வருதெண்டு."

நான் வெளியே வந்து, வருதாம் என்று சொன்னேன். இதில்தான் என்னுடைய பிழை தொடங்கியது. பூனை மூத்திரத்தை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பத்து வயதுப் பிள்ளைக்குத் தகப்பனிடம் இன்ன சொல்லலாம், இன்ன சொல்லக்கூடாது என்று அடித்துப் பழக்கினதே அவர்கள்தானே. அதனால் நானாக ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமாவின் 'உவருக்கு உதைப்பற்றி என்ன தெரியும்' அப்பாவிடம் போகும்போது 'மாமாவுக்கும் தெரியேல்லையாம்' ஆனது. அப்பாவின் 'பெரிய எஞ்சினியர்' மாமாவிடம் போகும்போது 'நீங்கள் சொன்னால் சரியாம்' ஆனது. யன்னல் திறந்து கிடக்கிறது, இரண்டு பேருக்கும் மூலமே காதில் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நான் ஓடிப்போய் வாய் திறக்கும்வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் சட்டம். என் மூலம் வராத சொல்லு வராத சொல்லு.

முதல் நாள் முழுக்கத் தண்ணீர் நூல் மாதிரித்தான் வந்தது. மீற்றர் நாற்பது காட்டியது, சிங்கில் ஒழுங்காக ஒன்றும் வரவில்லை. அந்த ரெகுலேற்றர் மலிந்த சாமான், பிரஷரை அடக்குகிறேன் என்று தண்ணீரையே அடக்கிப்போட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மா இரண்டு சுண்டு அரிசி கழுவக் கால் மணித்தியாலம் நின்றார். எதிரில் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான் என்று அம்மா அரிசிச் சட்டிக்குச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் எதையாவது பார்த்துத்தான் கதைத்தோம்.

அப்பா சும்மா இருந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் போய் மீற்றரைப் பார்ப்பார். அதிலுள்ள ஆணியை ஒரு முடுக்கு முடுக்குவார், பிறகு பிள்ளை, கேள், இப்ப எப்பிடி வருது. நான் ஏரியில் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கியிருப்பேன். ஏறி வர வேண்டும். மாமா புத்தகம் வாசித்துக்கொண்டோ சாய்ந்துகொண்டோ இருந்தாலும் அப்பாவின் குரல் கேட்டதும் எழும்பிப் போய் சிங்குப் பைப்பைத் திறந்து பார்ப்பார். பிறகும் நான் போய்க் கேட்கும்வரைக்கும் நிற்பார். காணுமோ, போதுமோ? காணாது எண்டு சொல்லு. இப்ப? அப்பிடியேதான் எண்டு சொல்லு. இதென்ன கோதாரி என்று நான் மனதுக்குள் எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை.

பக்கத்து இடத்தில் ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாம் கதிரை போட்டு இருந்தார். நான் ஓடுவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, ஏன் அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் கதைக்கமாட்டார்களா என்று என்னைப் பிரெஞ்சில் கேட்டார். நான் கலியாணக் கார்ட் கதையைச் சொன்னேன். தபாலில் வந்ததா, போய்ச் சேரவில்லையா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். அப்ப என்ன பிழை என்றார். எனக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. தபாலில் சேர்ந்ததுதான் பிழை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே எங்கள் குடும்பத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை அம்மா புட்டு அவித்தார். மா ஒட்டின பானையைக் கழுவத் தண்ணீர் இல்லை. ஒன்றும் சொல்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு ஏரிப்பக்கம் நடக்கத் தொடங்கினார். சொல்லாமல் செய்ததுதான் அப்பாவைச் சுட்டது. விறுவிறென்று போய் ரெகுலேற்றரைக் கழற்றப் போகிறேன் என்று கம்பத்துக்குச் சொன்னார். உள்ளே இருந்து மாமாவின் குரல் வந்தது. என்னிடம்தான் சொன்னார்.

"பிள்ளை, அதைக் கழட்டினால் குழாய் வெடிக்கும். ஒரு விசரனும் அதைக் கழட்டான் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

அப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் என்னைப் பார்த்தபடி நின்றார், சொல்லு வந்து சேரட்டும் என்று. விசரன் என்று நான் எப்படிச் சொல்வேன்?

"அப்பா, உங்கடை விருப்பமாம்" என்றேன்.

அப்பா கழற்றினார்.

கழற்றினால் என்ன, பைப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் பிரஷரும் கொஞ்சமாகத்தானே வரும் என்பது அப்பாவின் எண்ணம். மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நீளமாக ஒரு செய்தி அனுப்பினார். உள்ளே சிங்குப் பைப் திறந்திருக்கிற வரைக்கும் பயமில்லை, தண்ணீர் ஓடிவிடும். உள்ளே பைப்பை மூடிப் பூட்டினால் வெளித் தண்ணீர் போக இடமில்லாமல் முழு அமுக்கத்தோடு குழாயில் ஏறி நிற்கும். ஆகையால் ஒவ்வொரு தரமும் வெளிப் பைப்பை முதலில் பூட்ட வேண்டும், உள்ளே பிறகுதான். இதை நான் ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன், இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லாதபடியால். அப்பா சரி என்றார். எனக்குத்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு உறைத்தது. இனி அம்மா ஒரு கோப்பை கழுவினாலும் நான் ஓட வேண்டும்.

ஓடினேன். தண்ணி வேணுமாம், திறவுங்கோ. காணுமாம், பூட்டுங்கோ. பூட்டியாச்சாம், நீங்களும் பூட்டுங்கோ. அப்பா கம்பத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பைப்பில் கை வைத்தபடி இருந்தார். மாமா சிங்கடியை விட்டு அசையவில்லை, அம்மாவை விலக்கிவிட்டுத் தானே கறிச்சட்டி கழுவினார். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மத்தியானத்துக்குள் பதினொரு தரம் ஓடினேன். உண்மையாகவே எண்ணினேன், அம்மாவிடம் முறையிட வேண்டும் என்பதற்காக. அம்மாவிடம் சொன்னபோது, கொஞ்சம் பொறு ராசாத்தி, நாளைக்கு ஒரு நாள்தானே, நீயும் விட்டிட்டால் அதுகள் ரெண்டும் எப்பிடிக் கதைக்கும் என்றார். அவருடைய முகம் வாடியிருந்தது. மூன்றில் ஒன்றரை நாள் போய்விட்டது, ஒரு சொல்லு விழவில்லை.

ஏரியில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அவளிடம் ஒரு றப்பர்ப் படகு இருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவளுடைய அப்பா எங்கள் இரண்டு பேரையும் நடு ஏரி வரைக்கும் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார். நான் சோற்றை விழுங்கிவிட்டுப் புறப்படுகிறேன், அவள் கரையிலிருந்து கையைக் காட்டுகிறாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமாவின் குரல்.

"மருமோள், கழுவி முடிஞ்சுது. வெளியிலை பூட்டச் சொல்லு."

ஓம் என்றேன். படியால் இறங்கினேன். அப்பா பைப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருந்தது. நூற்றுக்கு நூறு கேட்டிருந்தது. நான் அவரைக் கடந்து நேரே நடந்தேன். போங்கோடா நீங்களும் உங்கடை தண்ணியும் என்று ஒரு நினைப்பு. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, கேட்டதுதானே, பூட்டட்டும்.

மாமா நான் சுற்றி வந்து சொல்வதற்குரிய நேரத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே பூட்டினார்.

அப்பா பூட்டவில்லை.

நான் பத்தடி போயிருக்கமாட்டேன். ரூலோட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கதவால் தண்ணீர் படியில் இறங்கி ஓடுகிறது. அம்மா கட்டிலில் ஏறி நின்று உடுப்புப் பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். சிங்குக்குக் கீழேயிருந்து பீய்ச்சியடித்த தண்ணீருக்குள் மாமா முழங்காலில் இருந்தபடி யன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"அத்தான், பூட்டுங்கோ!"

இரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் அத்தான். அப்பா அவசரத்தில் பைப்பை மற்றப் பக்கம் திருப்பினார். உள்ளே இன்னும் பலமாக அடித்தது. மாமா இன்னொரு அத்தான் போட்டார். இந்த முறை அதோடு சேர்த்து வேறு ஒரு சொல்லும் வந்தது, அதை நான் யாருக்கும் கொண்டுபோகவில்லை. பிறகுதான் தண்ணீர் நின்றது.

மாமா தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். அப்பா பைப்பை விட்டு எழும்பினார். நான் கரைக்கும் ரூலோட்டுக்கும் நடுவில் நட்டுவைத்த மாதிரி நின்றேன். அம்மா இத்தனை பாடுபட்டுக் கூட்டிக்கொண்டு வந்ததை நான் ஒரு படகுக்காக உடைத்துவிட்டேன், இனி மாமா பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார், இனி செத்த வீடுதான் என்று நினைத்தேன்.

"பூட்ட முதல் ஒரு சொல்லுச் சொல்லேலாதோடா?" என்றார் அப்பா. மரத்துக்கு அல்ல, மாமாவின் முகத்துக்கு.

"சொன்னனான்."

"ஆருக்குச் சொன்னனீ?"

"பிள்ளைக்கு. யன்னல் திறந்துதானே கிடக்கு, உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"கேட்டது" என்றார். "பிள்ளை வந்து சொல்லட்டுமெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

நான் அம்மாவிடம் ஓடினேன், நான்தான் சொல்லாமல் போனேன் என்று சொல்லிவிட. அம்மா படியில் நின்றார், ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி. நான் சொல்லத் தொடங்கியதும் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார்.

"பேசாமல் நில். கத்தட்டும்."

கத்தினார்கள். தண்ணீரில் தொடங்கினது தானாகக் கலியாணக் கார்டுக்குப் போயிற்று. கரண்ட் பில் கதை வந்தது, இந்த முறை உரிய ஆளிடம். ஊரெல்லாம் கார்ட் கொண்டு திரிஞ்சனீ, எனக்கு முத்திரை ஒட்டி அனுப்பினனீ. மாமா விடவில்லை. "நீங்கள் கார்ட் வாங்கிற ஆளோ அத்தான்? எனக்குப் பக்கத்திலை நிண்டு குடுக்கவேண்டிய ஆள். நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். வரேல்லை." அப்பா கேட்டார், கூப்பிட்டனியோ? மாமா சொன்னார், தகப்பனை ஆரும் கூப்பிடுறதோ? மதாம் கதிரையை விட்டு எழும்பி வந்து யாரையும் கூப்பிட வேண்டுமா என்று கேட்டார். அம்மா பிள்ளைகள் பார்க்கிற கார்தறி வேலையில் பழகின பிரெஞ்சில், ஸா வா மதாம், ஸா வா, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு இரண்டு பேரும் வயிற்றில் படுத்துச் சிங்குக்குக் கீழே தலையை விட்டார்கள். டோர்ச்சை இஞ்சாலை பிடியுங்கோ. பிடிச்சிருக்கிறன்தானே, உன்ரை தலையை எடு. கழன்ற குழாய் மூட்டுக்குப் பதில் புதிது வாங்குவதற்கு ஊருக்குள் இருந்த ஒரு கடைக்குப் பிக்கப்பில் ஒன்றாகப் போனார்கள். பத்து நிமிச அலுவல். வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வந்து இறங்கும்போதும் எந்த மூட்டு நல்லது என்று தர்க்கப்பட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள், அப்பாவின் கையில் ஒரு பை சோளம் இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு வேலை இல்லை. முழு நாளும் ஏரியில் கிடந்தேன். யாரும் என்னை ஏசவில்லை. கலவரத்தில் என்னை மறந்துவிட்டார்கள், தப்பினேன் என்று நினைத்தேன். மாமாவை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது அப்பாதான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேரடியாக.

போன கோடையில் நானும் பிள்ளைகளுக்காக ஒரு ரூலோட் வாடகைக்கு எடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் அவர்கள் தண்ணீரைக் கண்டு ஓடிவிட்டார்கள், என் மனுசன் சாமான் வாங்கப் போய்விட்டார். தண்ணீர் கொளுவ ஆளில்லை, எனக்கு வழக்கமான எரிச்சல். சரி, பார்ப்போம் என்று சிங்குப் பைப்பைத் திறந்து விட்டுவிட்டு வெளியே வந்தேன். ரெகுலேற்றரைப் பொருத்தி, ஹோஸைக் கொளுவி, மீற்றரைப் பார்த்துக்கொண்டு பைப்பை மெதுவாகத் திறந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் வெளியிலேயே கேட்டது. உள்ளே ஏறிப் போய்ச் சிங்குப் பைப்பைப் பூட்டினேன். ஐந்து நிமிசம். தனி ஆளாக.

உள்ளே ஒருவர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாமாவுக்கு அது தொழில், அவர் தினமும் செய்கிற வேலை. அவர் ஒரு வார்த்தை மறுப்பில்லாமல் போய் நின்றார். இரண்டு நாளும் அப்பாவின் குரல் கேட்டபோதெல்லாம் திரும்பத் திரும்ப அங்கே போனார். அப்பாவும் நாலு படி ஏறி எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விசயத்தை, பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் அந்த ஆளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்களைக் கதைக்க வைக்க வேண்டும் என்று அம்மா அழுதார். அதற்காகத்தான் வந்தோம் என்று நானும் நம்பினேன். என்னுடைய வாடகை ரூலோட்டின் படியில் நனைந்த கையோடு இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது, அந்த இரண்டு நாளும் அவர்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அலுத்துப்போனது எனக்கு மட்டும்தான்.